கீபோட்டும் இல்லை, டிஜேயும் இல்லை

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் ஏ லெவல் எடுக்கிறாள். கணிதம், பௌதிகம், இசை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஐந்து பாடநெறிகளுக்கு இடம் உண்டு. நான்கை நிரப்பிவிட்டாள், நான்கும் கணினி விஞ்ஞானம். ஐந்தாவதாக நான் படித்ததைப் போடலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். பின்னாலேயே அக்காவின் குரல் பதிவு வந்தது: "தங்கச்சி, அவள் கேக்கிறாள் எண்டு உடன ஓம் எண்டு சொல்லிப்போடாத. உது என்ன படிப்பு, என்ன வேலை எடுக்கலாம் எண்டு எனக்கு விளங்கிற மாதிரி எழுது."

அக்காவுக்கு விளங்க வேண்டுமென்றால் தமிழில்தான் எழுத வேண்டும். எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும் என்று நினைத்து இங்கேயே போட்டுவிடுகிறேன்.

நான் படித்தது கோல்ட்ஸ்மித்ஸில். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி, தென்கிழக்கில் நியூ க்ரொஸில் இருக்கிறது. லூயிஷமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் 436ஆம் இலக்க பஸ் ஏறினால் வாசலில் இறக்கிவிடும். பாடநெறியின் பெயர் 'எலக்ட்ரோனிக் மியூசிக், கொம்பியூட்டிங் அண்ட் டெக்னோலொஜி'. இசைத் துறையும் கணினித் துறையும் சேர்ந்து நடத்துவது. எந்தப் பக்கம் சாய்கிறோமோ அதைப் பொறுத்துக் கடைசியில் பி.மியூஸ் (இசைப் பட்டம்) அல்லது பி.எஸ்சி.

கலியாண வீடுகளில் இந்தப் பெயரை நான் சொல்லும்போதெல்லாம் மாமாமார் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஓ, கீபோட்டோ?" இல்லை மாமா என்றால் அடுத்தது: "அப்ப டிஜேயோ?" அதுவும் இல்லையென்றால் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலாம் ஆண்டில் என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். படுக்கையறையில் லப்டொப்பில் பாட்டுச் செய்து பழகியவர்கள், கெட்டிக்காரர்கள். இங்கே வந்தால் இன்னும் நல்ல ஸ்பீக்கரில் அதையே செய்யலாம் என்ற எண்ணம். முதல் பருவத்திலேயே அந்த எண்ணம் உடைந்துபோகும்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, இசைக்கருவி எதுவுமே இல்லாமல் ஓர் இசைத்துண்டு செய்வது. 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபர் என்பவர் ரயில் சத்தங்களைப் பதிவுசெய்து, வெட்டி, சுழற்றி வானொலிக்கு ஒரு படைப்புச் செய்தார். அந்த வழியில் நாங்களும் உலகத்துச் சத்தம் ஒன்றை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு உள்ளே போய்க் கேட்க வேண்டும். நான் எங்கள் வீட்டுத் திருவலையை எடுத்தேன். அம்மா தேங்காய் திருவும்போது மைக்கை ஓட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தேன். அம்மா ஒரு பாதி திருவி முடித்துவிட்டுக் கேட்டா: "உதுக்கோ பிள்ளை ஒன்பதாயிரம் பவுண் கட்டுறம்?"

அந்தப் பதிவை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டபோது வந்த சத்தத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இரும்புப் பல் தேங்காய்ச் சொட்டில் இறங்கும் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாகப் பிரிந்து, அடியில் சிரட்டையின் ஆழமான முழக்கம் ஒன்று எழும்பியது. அந்த முழக்கம் சிரட்டைக்குள் இருக்கும் காற்றினுடையது. தேங்காய் குறையக் குறைய அதன் சுருதி மாறிக்கொண்டு போகிறது. பத்து வருசமாக மிருதங்கம் படித்த காது எனக்கு. அப்படியிருந்தும், ஒவ்வொரு ஞாயிறும் கேட்ட சத்தத்துக்குள் இது இருந்ததைக் கவனித்ததே இல்லை.

பிறகு வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த வகுப்புக்கு ஒரு விதி: நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்ற இரண்டையும் சொல்லக் கூடாது. என்ன கேட்டது, எந்த இடத்தில் கவனம் விலகியது, ஏன் அந்த இடத்தில் சத்தம் நின்றது, இவற்றைத்தான் சொல்லலாம். பேச ஆளில்லாமல் அறை அமைதியாகிவிடும். எங்கள் சனத்துக்குள் கச்சேரி முடிந்ததும் "சும்மா பின்னிட்டான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பழகிய எனக்கு, என் காதில் விழுந்ததை வசனமாகச் சொல்லவே ஒரு வருசம் எடுத்தது. பட்டத்தில் மிகக் கடினமான பகுதி எதுவென்று கேட்டால், கணக்கு இல்லை, இதுதான் என்பேன்.

கணக்கும் இருந்தது. அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஒலியை எண்ணாக்குவது எப்படி என்பதில்தான் எல்லாம் தொடங்கும். சிடியில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 20,000 அதிர்வு, வரைதான் கேட்கும்; ஓர் அதிர்வைப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும்; ஆகவே 40,000ஐக் கொஞ்சம் தாண்டினால் போதும். சரி, ஏன் மொட்டையாக 44,100? தொடக்க காலத்தில் எண்மயமான ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் செக்கனுக்கு 60 புலம் (அரைப் படம்), ஒவ்வொன்றிலும் பயன்படும் கோடுகள் 245, கோட்டுக்கு மூன்று எண். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 கோடு, அதே மூன்று. அதுவும் 44,100! இரண்டு கண்டத்து ரீவிக்கும் பொருந்திவந்த எண் அது. இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும்.

படிப்பில் வரலாறும் ஒரு பங்கு. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்தியூஸ் எழுதிய ப்ரோகிராம் ஐபிஎம் 704 என்ற இராட்சதக் கணினியில் 17 செக்கன் நீளமான ஒரு துண்டை உருவாக்கியது. இன்றைக்கு லப்டொப்பில் நடக்கும் அத்தனைக்கும் வேர் அங்கே. ஆனால் எனக்கு நெருக்கமாகப் பட்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், அதிலும் எங்கள் கல்லூரியோடு சம்பந்தப்பட்டவர்கள். கோல்ட்ஸ்மித்ஸின் மின்னணு இசைக்கூடத்தை 1968இல் தொடங்கியவர் ஹியூ டேவிஸ். அதற்கு முன் ஜெர்மனியில் ஸ்டொக்ஹவுசன் என்ற இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தவர். அவர் செய்த ஒரு கருவியின் பெயர் ஷொசிக். பழைய கலைக்களஞ்சியம் ஒன்றின் கடைசித் தொகுதியை எடுத்து, உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு, அட்டைக்குள் வாள் அலகுகள், ஒரு ஸ்பிரிங், இரும்புக் குண்டு ஒன்று ஆகியவற்றைப் பொருத்தி, தொடு மைக் வைத்து விரலால் வாசிப்பது. அந்தத் தொகுதி 'ஷொ' என்ற எழுத்துகளில் தொடங்கி 'சிக்'கில் முடிகிறது. முதுகில் அச்சடித்திருந்ததே கருவியின் பெயராகிவிட்டது. காசில்லாமலும் கருவி செய்யலாம் என்று எனக்குக் காட்டியது அதுதான்.

அடுத்தவர் டஃப்னி ஓராம். பிபிசியின் ரேடியோஃபொனிக் வேர்க்‌ஷொப் என்ற ஒலிக்கூடம் 1958இல் தொடங்க முன்னின்றவர், அடுத்த வருசமே அங்கிருந்து விலகி, கென்ட்டில் ஒரு பழைய கட்டடத்தில் தனியாக இருந்து தன் இயந்திரத்தைக் கட்டினார். ஓராமிக்ஸ் என்று பெயர். பத்து 35 மில்லிமீற்றர் ஃபிலிம் சுருள்கள் பக்கம் பக்கமாக ஓடும். அவற்றின் மேல் கறுப்பு மையால் வரைந்தால் அந்தக் கோடே சுருதி, சத்த அளவு, அதிர்வு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். ஒலியை வரைவது! அந்த இயந்திரத்தை 2011இல் சவுத் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அவருடைய கடிதங்கள், நாடாக்கள், குறிப்புகள் கோல்ட்ஸ்மித்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கலாம் என்று அறிந்தபோது, அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டிய ஒருவர் எங்கள் வளாகத்திலேயே குடியிருப்பதுபோல எனக்குப் பட்டது.

இன்னொருவரையும் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். டீலியா டேர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் சேர்த்துப் படித்து 1959இல் பட்டம் பெற்றவர். டெக்கா இசைத்தட்டுக் கம்பனியில் வேலை கேட்டுப் போனபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பிபிசியில் சேர்ந்தார். 1963இல் 'டொக்டர் ஹூ' தொடருக்கு ரொன் கிரெய்னர் எழுதிய மெட்டை, ஒவ்வொரு சுரத்தையும் நாடாவில் தனித்தனியாகப் பதிந்து, அளந்து, வெட்டி, ஒட்டி உருவாக்கியது அவர்தான். அக்கா, நீங்களும் ரீவியில் கேட்டிருப்பீர்கள். ஆக, இது திடீரென்று முளைத்த புதுப் படிப்பு இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் விசயம்தானே என்று ஒரு மாமா கேட்டார். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞர் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒன்றைப் பொருத்திக் கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உட்பட அங்கிருந்தவர்கள் அதில் செய்த துண்டுகள் நாடாக்களில் கிடந்து, நெடுங்காலத்துக்குப் பிறகு கண்டெடுக்கப்பட்டு 2023இல் இசைத்தட்டாகவே வந்துவிட்டன. அவற்றைக் கேட்டபோது எனக்கு வந்த முதல் எண்ணம் கொஞ்சம் பொறாமை.

நான் பட்டத்தில் எதைப் பிடித்துக்கொண்டேன் என்பதற்கு மிருதங்கத்துக்குப் பங்கு உண்டு. கணினியில் ஒலி ஒவ்வோர் எண்ணாக வெளியே போவதில்லை, கட்டுக்கட்டாகப் போகும். ஒரு கட்டில் 512 எண்கள் என்றால், 44,100ஆல் வகுக்க, ஏறக்குறைய 11.6 மில்லி செக்கன். போகும் வழியில் ஒரு கட்டு, வரும் வழியில் ஒரு கட்டு. தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையில் இருபதைத் தாண்டிவிடும். மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு அது தாங்க முடியவில்லை. நாலாம் காலத்தில் ஒரு தகதிமி வாசித்தால் விரல் ஓரிடத்திலும் சத்தம் வேறிடத்திலும் நிற்கிறது. அந்த 512ஐ 64 ஆகக் குறைத்தால் ஒரு கட்டு ஒன்றரை மில்லி செக்கனுக்குள் வந்துவிடும். ஆனால் அந்த ஒன்றரை மில்லி செக்கனுக்குள் என் கோட் (நான் எழுதிய நிரல்) அத்தனை கணக்கையும் செய்து முடித்தாக வேண்டும். ஒரு தடவை பிந்தினாலும் ஸ்பீக்கரில் 'டக்' என்று வெடிக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் படிப்பு கணினி விஞ்ஞானத்திலிருந்து பிரிகிறது. சாதாரண மென்பொருளில் ஒரு வேலையைச் சராசரியாக எவ்வளவு விரைவில் முடிக்கலாம் என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். ஒலியில் சராசரிக்கு மதிப்பில்லை, மிக மோசமான தடவைதான் கணக்கு. ஆகவே ஒலி ஓடும் இழையில், அதாவது ப்ரோகிராமின் அந்தத் தனி ஓட்டத்தில், புது நினைவகம் கேட்கக் கூடாது, ப்ரோகிராமின் வேறு பகுதி பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, கோப்பு திறக்கக் கூடாது, திரையில் எழுதக் கூடாது. இவற்றில் எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் "கொஞ்சம் பொறுங்கோ, யோசிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்ல முடியுமா, அதுபோலத்தான். சி பிளஸ் பிளஸ் என்ற ப்ரோகிராம் மொழியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கணினித் துறை நண்பர்கள் வருசக் கடைசியில்தான் தொட்ட இந்த ஒழுக்கத்தை நாங்கள் முதலிலேயே காதால் படித்துவிட்டோம்.

மிடி என்ற ஒன்றோடு எனக்குச் சண்டை. 1983இல் வந்த உடன்பாடு. எந்தக் கம்பனியின் கீபோட்டும் எந்தக் கருவியோடும் பேசலாம் என்று ஆக்கியது அதுதான், நல்ல விசயம். ஆனால் அதன் மனதில் இருப்பது பியானோ. 0 முதல் 127 வரை 128 சுரங்கள். ஒன்று அழுத்தப்பட்டது, ஒன்று விடப்பட்டது. தோடி காந்தாரத்தை இதில் எங்கே வைப்பது? அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருக்கும் அசைவையே நாங்கள் காந்தாரம் என்கிறோம். சுருதியை வளைக்கச் சக்கரம் ஒன்று இருக்கிறது, 16,384 படிகள், நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் ஒரு தடத்தில் இருக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாகவே இழுக்கும். விரலுக்கு விரல் தனியாக வளைக்கும் முறை 2018இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. கருவியை வடிவமைப்பவர்கள் எந்த இசையைக் கேட்டு வளர்ந்தார்களோ அதற்குத்தான் அது வளைந்துகொடுக்கும். இதை ஒரு கட்டுரையாக எழுதி நல்ல புள்ளி வாங்கினேன் என்பது சும்மா ஒரு பெருமைக்கு.

மறுபக்கமும் உண்டு. ரைடல்சைக்கிள்ஸ் என்று ஒரு மென்பொருள். மேடையிலேயே கோட் எழுதி, அதைத் திரையில் எல்லாரும் பார்க்க, அங்கேயே இசையாக ஓடவிடுவது. எழுதியவர் அலெக்ஸ் மெக்லீன். அவர் முனைவர் பட்டம் செய்ததும் கோல்ட்ஸ்மித்ஸில்தான். அதில் காலத்தை நேர்கோடாக எண்ணுவதில்லை, சுழற்சியாக எண்ணுகிறார்கள். முதல் நாளே எனக்கு இது ஆவர்த்தனம் என்று பட்டுவிட்டது. ஒரு சுழற்சிக்குள் ஐந்தைப் போடு, அதே நேரத்தில் நாலையும் போடு என்றால் போடும். கண்டமும் சதுஸ்ரமும் பக்கத்தில் பக்கத்தில். பிறகு தேடிப்பார்த்தால், அதன் குறியீட்டு முறைக்கு ஒரு பழைய மூலம் இருக்கிறது, 'போல் ப்ரொசெசர்' என்று பெயர் ('போல்' என்றால் தபலாச் சொற்கட்டு). 1980களில் பேர்னார்ட் பெல் எழுதியது. லக்னோவில் ஜேம்ஸ் கிப்பன் தபலா படித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சொற்கட்டுகள் எந்த இலக்கணத்தில் விரிகின்றன என்று கணினியில் சோதித்துப் பார்க்கச் செய்த ப்ரோகிராம் அது. உருவான கோர்வைகளைத் தபலா உஸ்தாதிடம் காட்டி, இது சரி, இது எங்கள் வழியில் வராது என்று அவர் சொல்லச் சொல்ல இலக்கணத்தைத் திருத்தினார்கள். லண்டன் நிலவறைகளில் பெடியன்கள் ஆடும் ஆட்டத்துக்குள் லக்னோவின் கைச்சொல் ஒன்று இருக்கிறது. இந்த வகை இரவுகளுக்கு அல்கொரேவ் என்று பெயர். ரேவ் என்றால் விடியவிடிய ஆடும் கூட்டம். இந்த நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்ட இசையோடு வெளியிடத்தில் இரவில் கூடுவதைக் கலைக்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தது. திருவிழாவை இரவில் வைத்து, தவில்காரருக்குப் பெரிய ஸ்பீக்கரும் கொடுத்திருந்தால் லூயிஷம் சிவன் கோயிலுக்கும் வந்திருப்பார்கள்.

இறுதி ஆண்டுச் செயற்திட்டத்துக்கு நான் எடுத்தது தம்புரா. பதிவுசெய்த தம்புராவைத் திரும்பப் போடுவதில்லை. கம்பியையே கணக்கால் செய்வது. 1983இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ரோங் என்ற இருவர் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஒரு வரிசையில் 337 இடம் எடுங்கள். எல்லாவற்றிலும் தாறுமாறான எண்களைப் போடுங்கள். அது வெறும் இரைச்சல். முதல் எண்ணை ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். அதையும் அடுத்ததையும் கூட்டி இரண்டால் வகுத்து வரிசையின் கடைசியில் போடுங்கள். செக்கனுக்கு 44,100 தடவை இதையே செய்யுங்கள். கம்பி மீட்டிய ஓசை வரும்! வரிசை ஒரு சுற்றுச் சுற்றிவர எடுக்கும் நேரம்தான் சுருதி. கூட்டி வகுப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையான பகுதி மழுங்குகிறது. உண்மையான கம்பியிலும் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று, நாலு மடங்கில் கூடவே எழும் ஒலிகள்தான், முதலில் சாகின்றன.

சிக்கல் சுருதி சேர்ப்பதில் வந்தது. ஒரு கட்டைச் சுருதிக்கு சாரணி (தம்புராவின் சட்சக் கம்பி) 130.81 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டும். கூட்டி இரண்டால் வகுப்பது தன் பங்குக்கு அரை இடம் பிந்தவைக்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. 336 இடம் வைத்தால் 131.06, கூட. 337 வைத்தால் 130.67, குறைவு. வரிசையில் அரை இடம் வைக்க முடியாதே. பஞ்சமக் கம்பி மட்டும் சொல்லிவைத்தாற்போல 449இல் வந்து சரியாக உட்கார்ந்துவிட்டது. தனியாகக் கேட்டால் சாரணியின் குறை யாருக்கும் தெரியாது. ஆனால் தம்புராவில் எதுவும் தனியாக ஒலிப்பதில்லை. பஞ்சமத்தின் நாலு மடங்கு மேற்சுரமும் சாரணியின் மூன்று மடங்கு மேற்சுரமும் ஒரே இடத்தில் விழ வேண்டியவை. அவை அரை ஹேர்ட்ஸுக்குக் கிட்ட விலகி, இரண்டு செக்கனுக்கு ஒருக்கா சத்தம் வீங்கி வற்றியது. இடத்துக்கும் இடத்துக்கும் நடுவே வருவதைக் கணக்கிட்டுச் சொல்லும் வடிகட்டி ஒன்றை அந்தச் சுற்றுக்குள் போட்டால் இது தீரும். அதுவும் 1983இலேயே எழுதப்பட்டுவிட்டது. தீர்ந்தது.

பிறகு ஜீவா. தம்புராக் குதிரையின் தட்டையான வளைவில் கம்பிக்கு அடியில் ஒரு நூலை வைத்து நகர்த்தினால் திடீரென்று ஓசை பூப்பது தெரியும்தானே? 1921இல் சி.வி.ராமன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கம்பியை நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் வரக் கூடாது என்பது பழைய பௌதிக விதி. தம்புராவும் வீணையும் அந்த விதியை மதிப்பதில்லை, வரக் கூடாதவை பலமாகவே வருகின்றன என்று அவர் காட்டினார். காரணம் அந்தக் குதிரைதான்; அதிரும் கம்பி அதன் வளைவில் படிந்து படிந்து எழும்புகிறது, கம்பியின் நீளம் ஒரு சுற்றுக்குள்ளேயே மாறுகிறது. என் கோட்டில் இதை, அலை பெரிதாகும்போது வரிசை சற்றுக் குறுகுவதாக எழுதினேன். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில் பார்த்தால் உண்மையான தம்புராவும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றுபோலவே இருந்தன. மேற்பார்வையாளருக்கு நல்ல திருப்தி.

அதை எங்கள் பகுதியில் வீணை சொல்லிக்கொடுக்கும் ரீச்சரிடம் ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டா. "இதில மூண்டு கம்பிதான் இருக்கு" என்றா. இல்லை ரீச்சர், நாலு, சாரணியும் அனுசாரணியும் தனித்தனி என்றேன். "இல்லைப் பிள்ளை. நீ ஒரு கம்பியை இரண்டு தரம் மீட்டுறாய்." அவ சொன்னது சரி. என் நிரலில் இரண்டும் ஒரே எண்கள், ஒரே சுருதி, தசமத்துக்குப் பின் கடைசி இடம் வரை. கையால் சுருதி சேர்த்த இரண்டு கம்பிகள் அப்படி ஒருநாளும் நிற்காது. அனுசாரணியை ஹேர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு தள்ளி, மீட்டும் இடத்தையும் கொஞ்சம் மாற்றினேன். கூடம் ஒன்று அந்த ஹெட்ஃபோனுக்குள் திறந்ததுபோல ஆகிவிட்டது. ஸ்பெக்ட்ரம் படத்தில் அந்த மாற்றத்தைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது, அவ்வளவு சிறியது. நான் படித்த படிப்பு இதுதான் அக்கா. கணக்கு சரியா என்று கணக்கிடமே கேட்காமல் காதிடம் கேட்பது, காது சொன்னதைத் திரும்பக் கணக்காக்குவது. இரண்டு துறை சேர்ந்து நடத்துவதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

சரி, வேலை. பாட்டுச் செய்து வாழும் வேலை மிகக் குறைவு, அதை நம்பி இதில் சேரக் கூடாது. ஆனால் ஒலிக்குக் கோட் எழுதத் தெரிந்தவர்களும் குறைவு. என்னோடு படித்தவர்களில் சிலர் இசை மென்பொருளுக்கு ப்ளக்-இன் எழுதுகிறார்கள், ஒருவர் காது கேட்கும் கருவிகளுக்கான ஒலிச் செயலாக்கத்தில், இன்னொருவர் அருங்காட்சியகங்களுக்கு ஒலி அமைப்பு, இருவர் சாதாரண மென்பொருள் வேலையில் நல்ல சம்பளத்தோடு. நான் வீடியோ விளையாட்டுகளின் ஒலி எஞ்சினில் வேலை செய்கிறேன். மழை, காலடி, சுரங்கத்துக்குள் எதிரொலி. திரை செக்கனுக்கு 60 தடவை மாறும்போது ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி செக்கன். அதில் படம் வரைபவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், மிச்சம் மீதியில் நாங்கள் மழை பெய்ய வைக்க வேண்டும்.

காசு. 2025-26 கல்வியாண்டில் கட்டணம் 9,535 பவுணாக இருந்தது. மாணவர் கடனைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வங்கிக் கடன் மாதிரி இல்லை. இப்போதைய திட்டத்தில் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் 9 வீதம் வெட்டுவார்கள். 30,000 உழைத்தால் மாதம் 37 பவுண் 50. ஆனால் 40 வருசம் ஓடும், அதையும் தெரிந்துகொண்டே கையெழுத்து வையுங்கள். இரவில்தான் ஒலிக்கூடம் ஓய்வாகக் கிடைக்கும். அப்பா நியூ க்ரொஸ் றோட்டில் காரை நிப்பாட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

மகளுக்கு: சிந்தசைசர் ஒன்றும் வாங்காதே. நல்ல மூடிய ஹெட்ஃபோனும் உன் லப்டொப்பும் போதும். சூப்பர்கொலைடர் என்ற ஒலி மென்பொருள் இலவசம், இறக்கிக்கொள். நான் மேலே சொன்ன கம்பியை அதில் ஒரு வரியில் செய்ய ஆயத்தமாக ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைத் தொடாதே. வரிசையை நீயே கட்டு, பைதனில் என்றாலும் சரி. நேர்முகத்துக்கு நீ கொண்டுபோக வேண்டியது முடிந்த பாட்டு இல்லை. ஒரு சத்தம், அது ஏன் அப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிந்த காரணம், இரண்டும்தான். கம்பி ஒலித்ததும் கோப்பை எனக்கு அனுப்பு. எம்பி3 ஆக்காமல் அனுப்பு.